காலியாக இருந்த கோணி

அடி அண்ணாமலை ஏரி மணலில் ஓட்டுவதற்காக என் சின்ன ஜீப்பின் டயர்களில் பாதிக் காற்றை இறக்கியிருந்தேன். மறுநாள் காலை ஐதராபாத்துக்குக் கிளம்பியபோது, பௌர்ணமிக் கூட்டத்தால் காற்றுப் பிடிக்கும் கடையில் ஒரே வரிசை. வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை விரட்டினேன்.

வேங்கிக்கால் தாண்டி அரை மணி நேரத்தில், காற்றுக் குறைவால் சூடேறிய டயர் வெடித்தது. சாலையோரம் கொய்யா விற்க விரித்திருந்த கோணியின் மேல் ஏறித்தான் ஜீப் நின்றது. கோணியில் யாரும் இல்லை.

எதிர்ப்புறக் குழாயிலிருந்து ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்தார். “தண்ணி புடிக்க இப்பதான் எழுந்து போனேன். உங்களுக்கு அடி ஒண்ணும் படலியே சார்? டயரு வெடிச்சா நீங்க என்னா பண்ணுவீங்க?” என்றார்.

காற்றைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அந்தக் கோணி இன்றும் கனவில் வருகிறது. கனவில் அது காலியாக இருப்பதில்லை.