குல்லாவின் மேல் ஊற்றிய தண்ணீர்

என் கணவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் வீட்டில் வெளியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். சின்னமனூரில் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தேன். அவரைக் கட்டிக்கொள்வதற்காக ஆறு மாதம், புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்கப்போகும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபங்களை மனப்பாடம் செய்து, ஞானஸ்நானம் பெற்றேன். அப்படியும் மாமியாருக்கு நான் புதுசாக வந்தவள்தான். அவர்களுடையது நாலு தலைமுறையாக ஏசுவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பமாம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்தப் பெருமைதான் காட்டிக்கொடுத்தது. சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் வேதக்கோயில் திருவிழாவுக்குப் பழைய படங்கள் கேட்டார்கள். மாமியார் என்னையும் கூட்டிக்கொண்டு போய், மகனுடைய ஞானஸ்நானப் படத்தைப் பங்குச்சாமியாரிடம் நீட்டினார். படத்தில் அந்தக் காலத்துச் சாமியார் தண்ணீர் ஊற்றுகிறார். குழந்தை தலையில் கம்பளிக் குல்லா.

"குல்லாவக் கழட்டலையாம்மா?" என்றார் பங்குச்சாமியார்.

"மார்கழிக் குளிரு சாமி. புள்ளைக்குச் சளி. கழட்டாதீக, மேலயே ஊத்துங்கன்னு நாந்தேன் சொன்னேன். தலையில ஒரு சொட்டு படலையே."

தண்ணீர் தலையில் பட்டால்தான் ஞானஸ்நானம். பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு எழுதிப்போட்டார்கள். செல்லாது என்று பதில் வந்தது. அது செல்லாததால் அவருடைய புதுநன்மை, உறுதிப்பூசுதல் என்ற சடங்குகள், எங்கள் திருமணம், எதுவுமே செல்லாதாம். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் மாமியாருக்கு அடுத்து நான்தான் வேதக்காரி.

"அவருக்குப் பாடமெல்லாம் வேண்டாம், எல்லாம் தெரிஞ்சவருதானே. சனிக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்துட்டு, அங்கனயே ரெண்டு பேரும் மறுபடி கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிருங்க" என்றார் சாமியார். ஊருக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும் என்பது மாமியாரின் கவலை. என் கவலையை யாரும் கேட்கவில்லை.

செல்லாத அந்தத் திருமணத்தைச் சொல்லித்தான் ஒரு நாள் என் கையைத் தடுத்தார்கள். என் அம்மா செத்தபோது வாய்க்கரிசித் தட்டு என் முன்னால் வந்தது. அரிசியை அள்ளினேன். பின்னாலிருந்து மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ கோயில்ல தாலி கட்டிக்கிட்ட வேதக்காரி. அதெல்லாம் செய்யக் கூடாது."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரிசியைத் தட்டிலேயே போட்டேன். அம்மா என் கை அரிசி இல்லாமல் போனாள். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. அவருடைய வழுக்கைத் தலையில் மூன்று முறை தண்ணீர் விழுந்தது. மாமியார் துண்டை நீட்டினார். சாமியார் என் பக்கம் திரும்பினார்.

"முழு மனசோட சம்மதமாம்மா?"

முதல் தடவை இவரைக் கட்டிக்கொண்டபோது இதே கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டியவள் நான்.

"எங்கம்மா திதி தை மாசம் வருது சாமி. இவுகளும் அத்தையும் எங்கூடச் சின்னமனூருக்கு வரட்டும். எங்கம்மாவுக்கு நான் என் கையால சோறு படைக்கிறத நின்னு பாக்கட்டும். அதுக்கப்புறம் கேளுங்க."

தை இன்னும் வரவில்லை. நானும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.