கொதிக்க வைத்த கால்காப்பு

நான் சென்னையில் வேதியியல் படித்தவன். 1950களில் ஓசூருக்கு அறிவியல் வாத்தியாராக வந்தபோது, எனக்குச் சமமாகப் பேச அங்கே ஆளில்லை என்று உண்மையாகவே நம்பினேன். சந்தையில் ஒரே பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வந்தால், இவர்களுக்கு ஒரு மொழிகூட ஒழுங்காக வராது என்று முகம் சுளிப்பேன். எனக்கு வந்தது ஒரு மொழி. அதையும் பிறரை மட்டம் தட்டவே பயன்படுத்தினேன்.

அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் என் மனைவி. கெலமங்கலத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் ஒரு ஜோடி வெள்ளிக் கால்காப்பு உண்டு. ஒரு பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது, அவளுக்கு முன் கல்யாணமான அக்காதான் அதைப் போட்டுவிட வேண்டும். நலங்கு முடிந்ததும் காப்பு வீட்டின் மூத்த மகளிடமே திரும்பிவிடும்; அது அவள் பொறுப்பு. தங்கையின் நலங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மனைவி அதைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கன்னங்கரேல் என்று கறுத்திருந்தது.

பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் நனைத்து, துணியில் திருநீற்றைத் தொட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சாம்பலைப் பூசி எந்தக் காலத்துல வெளுக்கப் போகுது? அலுமினியச் சட்டியில சோடா உப்பு போட்டுக் கொதிக்க வெச்சா அஞ்சு நிமிஷம்."

"வேணாங்க. இதுக்குக் கொதிக்கிற தண்ணி ஆவாது."

"ஏன் ஆகாது?"

"அம்மா சொல்லியிருக்காங்க."

"அம்மா எந்தக் காலேஜ்ல படிச்சாங்க? காரணத்தைச் சொல்லு."

நான் கேட்ட மாதிரிக் கோவையாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. காரணம் சொல்லத் தெரியாதவனுக்கு விஷயமே தெரியாது என்பது வகுப்பறையில் என் கொள்கை. காப்பை அவள் கையிலிருந்து வாங்கிக் கொதிக்கிற சட்டியில் போட்டேன்.

கறுப்பு போனது, என் ரசாயனம் பொய் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் செம்பழுப்பாக ஏதோ மிதந்தது. பிசின் வாடை அடித்தது. இடுக்கியால் ஒரு காப்பைத் தூக்கினேன். பிடித்த இடத்தில் அப்படியே நசுங்கியது. மற்றதன் பொருத்து வாய் பிளந்திருந்தது. காப்பு கெட்டி வெள்ளி அல்ல, உள்ளே கூடு. மெல்லிய தகட்டுக்குள் அரக்கை நிரப்பித்தான் உருவம் நிற்க வைத்திருந்தார்கள். அந்த அரக்கு உருகிச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதும் வாய் அடங்கவில்லை. "வெள்ளின்னு சொல்லி உங்கப்பா அரக்கைக் குடுத்து ஏமாத்தியிருக்கார், பார்."

"எல்லாரு ஊட்டுக் காப்புலயும் உள்ள அரக்குதாங்க இருக்கும்," என்றாள். "உங்கம்மா காப்புலயும்." அழுதுகொண்டேதான் சொன்னாள்.

தட்டாரிடம் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நாலு நாளாவும் சார். இதை யாரு சார் வேகவெச்சது, உருளைக்கெழங்குன்னு நெனச்சாங்களா?" என்றார்.

"எங்க வீட்டம்மாதான்," என்றேன்.

"பொம்பளைங்களுக்கு இது தெரியுமே சார்! சின்னப் புள்ளகூடச் செய்யாதே!" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மீதே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

தங்கை வெறுங்காலோடு நலங்குக்கு உட்கார்ந்தாள். "அக்காக்காரி காப்பை வித்துத் தின்னுட்டாளா?" என்று ஒருத்தி கேட்க, பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். என் மாமியார் மகளைத் தனியே கூப்பிடவில்லை. எல்லார் முன்னும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்கென்று விட்ட இடைவெளி அது. சொல்லியிருந்தால் மாப்பிள்ளை என்ற மரியாதையில் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"அவளுக்குக் கவனம் பத்தாதுங்க அத்தை. கொதிக்க வெச்சிட்டா," என்றேன்.

மாமியார் என்னிடம், "நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ள," என்றார். அவளிடம், "அத்தினி தடவை சொல்லியும் நீ கேக்கல இல்ல? இனிமே என் பொருளு எதையும் நீ தொடாத," என்றார்.

"சரிம்மா," என்றாள் என் மனைவி.

மாமியார் சொன்ன சொல் மாறாதவர். சரிசெய்த காப்பைச் சின்னவளிடமே கொடுத்தார். ஊறுகாய்ச் சாடியைக்கூட, "நீ ஒடைச்சிடுவ," என்று பெரிய மகள் கையில் தந்ததில்லை. சாகும்வரை அப்படித்தான். எங்கள் மூத்த மகளின் நலங்குக்கு என் மனைவி தங்கையிடம் போய்க் காப்பை இரவல் கேட்டு வந்தாள். "அது ஏம்மா சித்திகிட்ட இருக்கு? நீதானே மூத்தவ?" என்று மகள் கேட்டாள். நான் பக்கத்திலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கவனம் பத்தாதுன்னு பாட்டி குடுக்கல," என்றாள் என் மனைவி.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.