பாட்டுக்குள் யார் பேர்?

ராப் பாட்டுப் பதிவு செய்யும் தொழிலில் மைக்குக்கு முன்னால் தேய்ந்து போவது நம் பொறுமைதான். ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள், "சும்மா சின்னதா ஒண்ணு மாத்துங்க" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழும் இங்கிலீஷும் படித்த தெம்பில் கோலாலம்பூர் போய், ஒலிப்பதிவுக் கூடங்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது சொந்த ஊரான மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ராப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவன் தன் பேரையும் ஊரையும் பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுவான். மற்றவர்களுக்குப் போஸ்டர் இருக்கிறது. இவனுக்கு அந்த ஒரு வரிதான். என்னிடம் வந்த எல்லாரும் கை வைத்தது அந்த வரியில்தான்.

கேசட் காலம்

ரப்பர் தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் மலேசியாவில் தமிழில் ராப் பாடிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். இங்கே அப்போது ராப் என்றால், சினிமாப் பாட்டு நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர் வந்து கத்திவிட்டுப் போகும் நாலு வரி. லீவில் வந்தபோது முதுநகரில் என் அத்தை மகனுக்கு ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினேன். போலீஸ் அடி, வேலையில்லாத நாட்கள், குடித்தே செத்துப்போன நண்பன் எல்லாம் அதில் வந்தது. ஒரு பக்கம் முழுக்க மரியாதையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "பேசி முடிச்சிட்டாங்களா மச்சான்? பாட்டு எப்பப் போடுவாங்க?"

பஸ் ஸ்டாண்டு ரஃபி

அப்புறம் யூடியூப் வந்தது. சினிமாக்காரர்கள் தயவில்லாமல் சென்னைப் பிள்ளைகள் சொந்தப் பாட்டைப் போட்டார்கள். அந்தக் காற்று தெற்கேயும் வீசும் என்று நம்பித்தான் ஊர் திரும்பினேன். வீசியது போலத்தான் இருந்தது, ரஃபி வந்த அன்றைக்கு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. வயது இருபத்தாறு. "பேரு ரஃபி, ஊரு சிதம்பரம்" என்று தொடங்கி, பஸ் ஸ்டாண்டைச் சொல்லி, போன் வழியாகவே தன்னை வளர்த்த அத்தாவைப் பற்றி ஒரே மூச்சில் பாடினான். கோலாலம்பூரிலும் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அத்தா சவூதியில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். மகனுக்கும் அங்கேயே வேலை பேசி வைத்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாடுவதை இவன் வீட்டில் சொன்னதில்லை. பாட்டு எடுபட்டால் இங்கே, இல்லாவிட்டால் அங்கே. "பாட்டு பேர் வாங்கி, அதுவா அத்தா காதுக்குப் போவணும்ணே. அப்பறம் வா வான்னு கூப்புட மாட்டாரு."

மாப்பிள்ளை என்ட்ரி

வீடியோ எடுக்கக் கையில் ஏதாவது சேரட்டும் என்று ரஃபி கல்யாண ரிசப்ஷன்களுக்குப் பாடினான். "பேரு ரஃபி" இருந்த இடத்தில் மாப்பிள்ளை பேர் ஏறியது. ஒரு வீட்டில் தாய்மாமனே நேரில் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். கழற்றியவர் முகத்தில் களையே இல்லை. "மாப்ள பேரு ஒருவாட்டி வந்தா போதும் சார். அதான் பத்திரிகைல போட்டிருக்கே. எம்பேரு ஜாஸ்தி வரணும், சீர் செய்யறது யாரு?"

கலை விழா

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவில் சொந்தப் பாட்டைப் பாட இடம் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் ஒத்திகை பார்த்த பேராசிரியை நல்லவர்தான். வெயிலில் வந்த எங்களுக்கு மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சிதம்பரம்னு ஆரம்பிச்சா கோயில் வரணும் தம்பி, பஸ் ஸ்டாண்டு எதுக்கு வருது?"

அண்ணன் பாட்டு

வார்டு தேர்தல் வந்தது. வேட்பாளரின் ஆள் ஒருவர் மாடியேறி வந்தபோது ரஃபியின் பாட்டைத்தான் மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். வேறு மெட்டு எதையும் கேட்க மாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போன்ல வளத்த எங்க அத்தா" என்ற வரி, "வார்டே வளத்த எங்க அண்ணா" ஆக வேண்டும். குரலும் கொஞ்சம் கனமாக, சிங்கம் மாதிரி இருக்க வேண்டும். பதிலுக்கு, தேர்தல் முடிந்ததும் ரஃபியின் பாட்டைத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டு ஊரறியச் செய்வார்கள்.

உன்னுடையதை முதலில் யூடியூபில் ஏற்றிவிடு, அப்புறம் கொடு என்று ரஃபியிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "எலெக்‌ஷன் முடிஞ்சா அத யாருண்ணே ஞாபகம் வெச்சிருப்பாங்க?" என்று சிரித்துவிட்டு, சிங்கம் மாதிரியே பாடிக் கொடுத்தான்.

ஊரே ஞாபகம் வைத்திருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஆட்டோக்கள் அதைத்தான் அலறின, பால் வாங்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அண்ணன் ஜெயித்தார். அதன் பிறகு ரஃபி தன் பாட்டை ஏற்றினான். அதே மெட்டு, அதே தாளம், முன்பே வேறு இடத்தில் ஏறியிருக்கிறது, ஆகவே இது நகல் என்று சொல்லி யூடியூப் அதைத் தூக்கிவிட்டது. நான் எழுதிய விளக்கத்தை மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பக்கத்தில் போடுவதாகச் சொன்னதை நினைவுபடுத்த நாங்கள் போனபோது, அதே ஆள் வருத்தமாகவே கேட்டார்: "ஏன் தம்பி, எங்க அண்ணன் பாட்ட எடுத்து ஒங்க அத்தாவுக்குப் பாடிட்டியாமே?"

விசா

போன மாதம் ரஃபி சொல்லிக்கொள்ள வந்தான். பெட்டி கட்டியாகிவிட்டது. இன்னொரு பாட்டு பதிவு செய்யலாம், புது மெட்டு, இன்றைக்கே ஏற்றிவிடலாம் என்று மைக்கை அவன் பக்கம் திருப்பினேன். அவன் அதைத் தொடவில்லை. போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைத் தேடினான், போட்டுக் காட்டவும் மனசில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அத்தாவே எனக்கு அந்த அண்ணன் பாட்ட ஃபார்வர்டு பண்ணியிருக்காருண்ணே. 'நம்ம பக்கத்துப் புள்ள எவனோ அருமையா பாடுறான், கேட்டுப் பாரு'ங்கறாரு."

இந்த நாட்டு ராப் வரலாற்றில் எங்கள் மாவட்டத்தின் பங்கு என்ன என்று நாளைக்கு யாராவது ஆராய்ச்சி செய்தால், ஒரு கவுன்சிலரை ஜெயிக்க வைத்தது என்று தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.