ஆறு வாரத்துக்கு ஓர் இடம்

எங்கள் மகள் நான்கு வயதுவரை, வீட்டுக்கு வெளியே யாரிடமும் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. அடக்கிக்கொண்டு நிற்பாள், கால்கள் பின்னிக்கொள்ளும், பிறகு தரை நனையும். அதன் பின் அன்று முழுவதும் முகத்தை நிமிர்த்தமாட்டாள். இதெல்லாம் சின்ன விஷயம் என்றார்கள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு அது. ஆண்டிறுதி விடுமுறையில் ஆறு வாரம் மலாய் மொழி வகுப்புக்குப் போக வேண்டும் என்று நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டது. போகாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது. கணவர் மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். காலையில் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புவார். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் உறவினர் யாரும் இல்லை. ஆகவே, சின்னப் பிள்ளைகளைக் காலை வேளையில் வைத்துக்கொள்ளும் நல்ல விடுமுறைக் கூடம் ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

குழந்தை வளர்ப்பு நூல் ஒன்றைப் படித்து, பதினொரு கேள்விகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்துப் போனேன். காற்றோட்டம், பால், பாட்டு, விளையாட்டுச் சாமான்கள் என்று எல்லாமே அதில் இருந்தன. போன இடங்களில் என் வாயில் வந்ததோ எழுதாத ஒரு கேள்வி: பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

உஜோங் பாசிரில் கடலைப் பார்த்த ஒரு பங்களா. சின்னஞ்சிறு கட்டில்கள், வெள்ளை விரிப்புகள். அதை நடத்திய அம்மையார், “இங்கிலீஷ்ல கேக்கணும். கேட்டாத்தான விடுவோம்? அப்படித்தான் பேச்சு வரும்” என்றார். செமாபோக்கில் ஒரு மண்டபம். தமிழ்ப் பாட்டும் கதையுமாகக் கலகலப்பாக இருந்தது. அங்கிருந்த இளம்பெண், “பத்து மணிக்கு மணியடிப்போம் டீச்சர், எல்லாரும் வரிசையா போவாங்க” என்றாள். அதற்கு முன்பே வந்தால்? அவள் சற்று யோசித்தாள். “அப்ப கதை நேரமாச்சே!”

மூன்றாவதைக் கூடம் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தவரின் குடியிருப்பான கம்போங் செட்டியில், ஒரு பெண்மணி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைத் தம் வீட்டு முற்றத்தில் வைத்திருந்தார். அவர் பேசியது மலாய்; நடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்கள். ஆசிரியை என்பதால் என்னைச் ‘சிக்கு’ என்று மலாய் வழக்கப்படி அழைத்தார். என் கேள்வியை அரைகுறை மலாயில் கேட்டு முடித்தபோது அவர் சிரித்துவிட்டார். “முகத்தைப் பார்த்தால் தெரியாதா, சிக்கு?” அது பதிலா, கேலியா என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் கணவர் கேட்டார்: “விளையாட இடம் பாக்குறியா, இல்ல மாப்பிள்ளை பாக்குறியா?”

“நீங்க வந்து பாருங்க, அப்பத் தெரியும்.”

“நான் வந்தா நாலாவதா ஒரு எடம் சொல்லுவேன், பரவாயில்லையா?”

முடிவுக்கு வர முடியாத நான் ஒரு தவறு செய்தேன். எங்கே விட்டாலும் உதவட்டுமே என்று, ஒன்றுக்குப் போகக் கேட்பதை ஆங்கிலம், தமிழ், மலாய் என மூன்று மொழிகளிலும் சொல்லிக்கொடுத்தேன். கிளிப்பிள்ளைபோலச் சொன்னாள். பிறகு ஒருநாள் கேட்டாள்: “அம்மா, எந்த வீட்டுக்கு எது?” அந்த வார இறுதியில், எங்கள் அடுப்படியிலேயே, என் எதிரிலேயே, வாய் திறக்காமல் நின்று தரையை நனைத்தாள். அதுவரை என்னிடமாவது கேட்டுக்கொண்டிருந்தவள்.

நன்கு ஆராய்ந்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதல் நாள் காலை பெருமழை, பேருந்து வரவில்லை, வகுப்புக்கு நேரமாயிற்று. பக்கத்தில் இருந்தது கம்போங் செட்டி வீடு மட்டுமே. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ஓடினேன்.

மலாய் வகுப்பில் எங்கள் ஆசிரியர் என்னைவிட இளையவர். வெளியே போக வேண்டுமென்றால் மலாயில் முறையாகக் கேட்க வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்ததோ மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைப்பேச்சு. ஆண்கள் நிறைந்த வகுப்பில் அதை எப்படிச் சொல்வது? நண்பகல்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் விரைந்து போனேன். கொடியில் மகளின் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. முகம் கவிழ்ந்து எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ என்று தேடினேன். அவளோ யாருடைய சிறிய சாரோங்கையோ கட்டிக்கொண்டு, வாத்துகளின் பின்னால் கத்திக்கொண்டு ஓடினாள்.

“எந்த மொழியில கேட்ட?” என்றேன்.

“கேக்கலம்மா. அவங்க சாரோங்கப் பிடிச்சு இழுத்தேன்.”

“நான் பார்க்கத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, சிக்கு,” என்றார் அந்தப் பெண்மணி. “நாளைக்குச் சரியாகிவிடும்.”

நாளைக்கும் இங்கேதானா என்று எனக்கே தெரியாமல் நின்றேன். அப்போதுதான் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தது முழு வேகத்தில் நினைவுக்கு வந்தது. எந்த மொழியில், எந்தச் சொல்லில் கேட்பது என்று தடுமாறினேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். வீட்டின் பின்பக்கத்தைக் கைகாட்டினார்.