மூன்றாவது மாடலில் மட்டும் இருந்த வசதி

மாமா ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த எம்பி3 பிளேயர்கள் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், கறுப்பு உடம்பு, நீல வெளிச்சம் விழும் சின்னத் திரை. ஒரே கம்பெனி, ஒரே வரிசை. பின்பக்கத்தில் மாடல் எண்ணை அடுத்து வரும் எழுத்து மட்டும் மாறும். அந்த எழுத்தை மாமா நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். பெட்டிகளையும் அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று அக்காமார் வீட்டுக்கும் ஒரே சாமான் கொடுத்தான் என்று பெயர் வாங்க அவர் செய்த ஏற்பாடு அது.

ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. ஊர் வந்த மறுநாள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சூட்கேசுக்குள் தங்கிவிட்ட விளக்கத் தாளை, கலர் படம் இருக்கிறதே என்று என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குப் பத்து வயது. அதில் மூன்று மாடல்களுக்கும் கட்டம் போட்டு, எதில் என்ன வசதி என்று டிக் அடித்திருந்தார்கள். முதல் மாடலில் பாட்டு மட்டும். இரண்டாவதில் பாட்டும் எஃப்.எம்.மும். மூன்றாவதில் இவற்றோடு குரல் பதிவும் உண்டு, மெமரியும் இரட்டிப்பு. இரண்டே நாளில் அந்தக் கட்டம் எனக்கு மனப்பாடம்.

மூன்றாவது மாடல் சின்னம்மாவுக்கு என்று மாமா முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. சின்னம்மாவின் கணவர் ஷார்ஜாவில் மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சின்னம்மா பாலக்கரையில் பெரியம்மா வீட்டு மாடியில் குடியிருந்தார். வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து போன் வந்தால் கீழே ஹாலில்தான் வரும். முதலில் பெரியம்மாவின் கணவர் பெரியத்தா பேசுவார் (அப்பாவை அத்தா என்பது எங்கள் வழக்கம்), பிறகு பெரியம்மா, பிறகு பிள்ளைகள். ரிசீவர் சின்னம்மா கைக்கு வரும்போது போன் கார்டில் ஒரு நிமிஷம் மிச்சமிருக்கும். சுற்றிலும் ஆறு பேர் நிற்க, “சாப்ட்டீங்களா, உடம்பப் பாத்துக்குங்க” என்பதற்குமேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் சின்னத்தா, மனைவியிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அந்த மூன்றாவது மாடலில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். சாமானைக் கொடுப்பதற்கு முன்பே மாமா சமையல்கட்டில் வைத்து அந்த விஷயத்தைச் சின்னம்மாவின் காதில் போட்டிருந்தார். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மொத்த வீடும் கேட்க உட்கார்ந்துவிடும்.

இதெல்லாம் நான் பல வருஷம் கழித்து அறிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கட்டமும் டிக்கும்தான்.

வெளிநாட்டுச் சாமானை மூத்தவர் வீட்டில், எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலக்கரை போனோம். பிரியாணி முடிந்ததும் மாமா மூன்றையும் எடுத்து நீட்டினார். மாடியிலிருந்து வந்திருந்த சின்னம்மா தனக்குரியதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு டீ போடப் போனார்.

“எல்லாம் ஒண்ணுதான் மச்சான். ஒரே மாடல்” என்றார் மாமா.

நான் அதற்குள் மூன்றின் மெனுவையும் திறந்து பார்த்திருந்தேன். “ஒண்ணு இல்ல. பெரியத்தாவோடதுல எஃப்.எம். இருக்கு, ரெக்கார்டிங் இல்ல. எங்கத்தாவோடதுல ரெண்டுமே இல்ல, வெறும் பாட்டுதான். சின்னம்மாவோடதுலதான் எல்லாமே இருக்கு. மெமரி டபுள்.”

“சும்மா இருடி” என்றார் அத்தா. “நமக்குப் பாட்டுக் கேட்டாப் போதும்.”

பெரியத்தா, குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இரண்டாவதாக வந்ததற்காக அந்தக் கல்யாணத்துக்கே போகாதவர். கையிலிருந்ததை மெதுவாக ஸ்டூலில் வைத்தார். “தம்பி நெனப்பா கொண்டாந்ததே பெருசு” என்றார். அங்கிருந்த யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியம்மா எழுந்தார். ஜன்னலில் இருந்ததை எடுத்துக் கணவரிடம் கொடுத்து, ஸ்டூலில் இருந்ததை ஜன்னலில் வைத்தார். “அவளுக்கு எதுக்குடா அவ்ளோ பெருசு? பாட்டுக் கேக்க நேரம் எங்க இருக்கு அவளுக்கு?”

டீத் தட்டோடு வந்த சின்னம்மா வாசற்படியிலேயே நின்று மாமாவைப் பார்த்தார்.

“அக்கா, அதுல பேட்டரி சரியா நிக்காது” என்றார் மாமா.

“ஃபுல்லா இருக்கு மாமா. பாருங்க, மூணு கோடு” என்று திரையைக் காட்டினேன்.

பிறகு பெரியத்தாவுக்கு வசதிகளை விளக்கத் தொடங்கினேன். ஹோல்டு பொத்தானைத் தள்ளினால் மற்ற பொத்தான்கள் வேலை செய்யாது. இயர்போன் மாட்டினால்தான் எஃப்.எம். எடுக்கும். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். “இது வாய்ஸ் ஃபோல்டர். ஒண்ணு பதிஞ்சே இருக்கு பெரியத்தா. அம்பத்தெட்டு நிமிஷம். சாம்பிளுக்குக் கம்பெனிக்காரங்களே போட்டிருப்பாங்க.”

“அதப் போடாதடி” என்றார் சின்னம்மா.

“ஒண்ணும் ஆயிடாது சின்னம்மா” என்று சொல்லி, பெரியத்தாவின் இரண்டு காதிலும் மாட்டிவிட்டு அமுக்கினேன்.

திரையில் விநாடிகள் ஓடின. பன்னிரண்டாவது விநாடியில் பெரியத்தா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பதினைந்தில் இயர்போனைப் பிடுங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“என்ன தம்பி இது, கொர்ருன்னு சத்தம் வருது? கடைக்காரன் ரிப்பேர் சாமானத் தலைல கட்டிட்டானா?”

மாமாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “ஆமா மச்சான், ஃப்ளைட்ல அடிபட்டிருக்கும்.”

“எனக்கு வேணாம்ப்பா. எஃப்.எம். போதும், கடைல நியூஸ் கேக்கலாம்.” எழுந்துபோய் அதைச் சின்னம்மாவின் தட்டில், டம்ளர்களுக்கு நடுவே வைத்தார். “இத நீயே வச்சுக்கம்மா.”

நான் விடவில்லை. “இல்ல பெரியத்தா, நல்லாத்தான் இருக்கு. குடுங்க, சத்தமா வச்சுக் காட்டுறேன்.”

“போய் வெளையாடு, போ!” என்று அதட்டினார். அதற்குமுன் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தாவிடம் வாதாடினேன். கொர்ரென்று சத்தம் வந்தால் திரையில் விநாடி சீராக ஓடாது, மெமரியில் பிழை என்று காட்டும், எதுவும் காட்டவில்லை என்றேன். “ரிப்பேர்னு சொல்றாங்கல்ல, விடு” என்றார் அவர், காவிரியைப் பார்த்தபடி.

அடுத்த மாதம் போனபோது மாடிக்கு ஏறினேன். சின்னம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காதில் இயர்போன். முகத்தில் சிரிப்பு, என்னைப் பார்த்து அல்ல.

“குடுங்க சின்னம்மா, சரிபண்ணித் தரேன்.”

“அது ரிப்பேராவே இருக்கட்டும்டி” என்றார்.

குனிந்து திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன, ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் மெஷின் பார்க்கத் தெரியவில்லை என்ற முடிவோடு கீழே இறங்கி வந்தேன்.