நாகத்துக்கு எந்த ஊர்?

எங்கள் பீங்கான் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாதிப்பேர் மரத்தடியில் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார்கள். வர்ணம் தீட்டும் அறையில் இருந்த நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவோம். காடு என்றால் வேறொன்றுமில்லை, பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற பெரிய மேசைதான். அதன்மேல் சாக்பீஸால் ஆறு, மலை, குகை, கோட்டை எல்லாம் வரைந்து வைத்திருப்போம். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆட்டம் நாங்களே உண்டாக்கியது. சூளையில் கோணிப்போன, விற்பனைக்கு ஆகாத செகண்ட்ஸ் பொம்மைகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். மணி மறுபடி அடிக்கும்வரை அந்தப் பொம்மைதான் நாம். அது பேச வேண்டியதை நாம் பேச வேண்டும், அதன் குரலில். காட்டைக் கடந்து கோட்டைக்குப் போக வேண்டும். போவதா, விழுவதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அதையும் பீங்கானிலேயே செய்திருந்தோம். சுடும்போது மண் சுருங்கும் என்று தெரிந்தும் அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தடிமனாக வைத்துவிட்டோம். அதனால் எங்கள் காட்டில் யாருக்கும் தாயம் விழாமல் போனதில்லை. அங்கே நடந்ததெல்லாம் கொஞ்சம் அதிர்ஷ்டமாகவே நடந்தது.

ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து வரும். வெள்ளை மண்தூள் அந்த வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்காது. எங்கள் புருவம், காதோரமெல்லாம் வெளுத்திருக்கும். யார் பொம்மை, யார் ஆள் என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்ததுண்டு.

சட்டதிட்டமெல்லாம் எங்களில் மூத்தவளான கோயில் தெரு அக்கா போட்டதுதான். அவள் அப்பாவுக்குக் கோயிலில் வேலை, கதைகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பொம்மையும் தன் சாதியைச் சொல்ல வேண்டும் என்பது அவள் வைத்த முதல் விதி. அரக்க சாதி மலையைப் பெயர்க்கலாம், ஆற்றில் இறங்கக்கூடாது. கந்தர்வ சாதி பறக்கலாம், பொய் சொல்லக்கூடாது. நாக சாதி மண்ணுக்குள் போகலாம், நெருப்பை அண்டக்கூடாது. அக்கா எப்போதும் கொம்பு உடைந்த அரக்கன். பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருபவள் கந்தர்வன். நான் நாகம்.

ஒருநாள் அக்கா வழக்கம்போல, "என்ன சாதி?" என்று கேட்டதும் பெண்ணாடத்துக்காரி கந்தர்வனை மேசைமேல் குப்புறப் படுக்க வைத்துவிட்டாள்.

"வெளியிலதான் போற எடமெல்லாம் இத கேக்கறாங்க. இங்கயும் கேக்கணுமாக்கா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அக்காவின் முகம் சுருங்கியது. அவள் சண்டைக்காரிதான், நான் கூட ஒரு பாட்டம் சண்டை நடக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் அரக்கனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "செரிடி. அந்தப் பேச்சே வாணாம். ஊருன்னு வெச்சிக்கலாம். எந்த ஊருன்னு கேட்டா யாருக்கும் வருத்தம் இருக்காதுல்ல?" என்றாள்.

பெண்ணாடத்துக்காரி கந்தர்வனை நிமிர்த்தினாள். அக்கா உற்சாகமாகிவிட்டாள். மேகத்தில் ஒரு ஊர், மலையுச்சியில் ஒரு ஊர் என்று சாக்பீஸ் தேயத் தேய வரைந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன் நாகத்துக்கு எந்த ஊருடி?" என்றாள்.

எங்கள் ஊர் கம்மாபுரத்துக்கு அப்பால் இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது நிலக்கரிச் சுரங்கம் தோண்டவென்று சர்க்காரில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டின் உத்திரத்தையும் கதவையும் கழற்றி மாட்டுவண்டியில் கட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து அப்பா அந்த ஊரின் பெயரைச் சொன்னதில்லை. "அங்க" என்பார், அவ்வளவுதான். "அங்க வெளஞ்ச கம்பு", "அங்க இருந்த மாடு". நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நான், "பக்கத்துலதான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

"நாகத்துக்கு ஊரு இல்லக்கா" என்றேன்.

"ஊரு இல்லாத நாகமா? ஒரு புத்து கூடவா இல்ல?" என்று அக்கா சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இருந்திச்சு. தோண்டிட்டாங்க" என்றேன். அது என் குரல் இல்லை, நாகத்தின் குரல். என் குரலில் என்றால் உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். பெண்ணாடத்துக்காரிதான் சாக்பீஸை எடுத்து என் விரல்களுக்குள் வைத்தாள். "ஊர வுடு. நாகத்துக்கு என்னா ஞாபகம் இருக்குது? அத சொல்லு."

நாகம் சொல்லத் தொடங்கியது. ஏரி இருந்தது. கரையில் பனைமரங்கள். கிணறு. மஞ்சள் பூசிய அம்மன் கல். ஆட்டுக்கொட்டகை, அதன் ஓரம் எங்கள் வீடு. சொல்லச் சொல்ல வரைந்தேன். மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி வந்து சத்தம் போட்ட பிறகுதான் தூரிகைகளைத் தேடினோம்.

மறுநாளிலிருந்து சாதியும் இல்லை, ஊரும் இல்லை. "என்ன ஞாபகம்?" என்பதுதான் கேள்வி. எது ஞாபகமோ அதுவே பொம்மையின் பலம். கந்தர்வனுக்கு மழைக்கு முந்தின காற்று ஞாபகம், அதனால் பறந்தான். அரக்கனுக்கு மலைதான் ஞாபகம் வரும் என்று பார்த்தால், அம்மா தனக்குத் தலைவாரி விட்டதுதான் ஞாபகம் என்று அக்கா சொன்னாள். அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவனை அடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

என் நாகத்துக்கு நாளுக்கு நாள் ஞாபகம் கூடியது. ஆனால் சாயங்காலம் பெட்டி கட்டுபவர்கள் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். தினமும் என் ஊர் ஒருமுறை போனது. அது எனக்குத் தாங்கவில்லை. ஒருமுறை சுட்டெடுத்த, இன்னும் பளபளப்பு ஏற்றாத ஓடு ஒன்றை எடுத்து, அதன்மேல் ஊர் முழுவதையும் கோபால்ட் மையால் தீட்டினேன். தீட்டும்போது அந்த மை அழுக்குக் கருப்பாகத்தான் இருக்கும், நெருப்பில்தான் நிறம் வரும். அக்கா பளபளப்பு ஏற்றுகிற கிளேஸில் முக்கிக் கொடுத்தாள். சூளைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வைக்கச் செய்தோம். வெளியே வந்தபோது ஏரி, பனை, கிணறு, வீடு எல்லாம் நீலமாக இருந்தன. தண்ணீரை ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

வைக்கோலில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் கொடுத்தேன். திட்டுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் துண்டில் கையைத் துடைத்துவிட்டு ஓட்டை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். என்ன என்று கேட்கவே இல்லை. ஒரு விரல் பனைமரங்களைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, கிணற்றின்மேல் போய் நின்றது.

"கெணறு இங்க இல்லம்மா. ஏரிக்கு அந்தாண்ட" என்றார்.

சுட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாதே என்று எனக்கு அழுகை வந்தது. "நல்லா தெரியுமாப்பா?" என்றேன்.

அப்பா ஊரின் பெயரைச் சொன்னார். இத்தனை வருடம் கழித்து, முழுப்பெயரையும், சாதாரணமாக. ஊர் இன்னும் இருப்பதுபோல, அங்கே போய் யாரைக் கேட்டாலும் கிணறு எங்கே என்று சொல்வார்கள் என்றார்.