ஹைடல்பெர்க் பிளேட்டும் சரஸ்வதி பூஜையும்

1. தின்னர் துணி

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை. நியூ ஜெர்சியில் ஒரு பழைய கார் ஒர்க்‌ஷாப். என் கையில் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணி, எதிரே பெஞ்சின் மேல் ஒரு ஜெர்மன் நம்பர் பிளேட். மூன்று மாதம் கடிதம் போட்டுத் தேடிப் பிடித்த பிளேட் அது. அதைப் பத்து விநாடியில் பாழாக்கியிருந்தேன். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற யாராவது படித்தால் ஒரு பிளேட்டாவது பிழைக்கும்.

எண்பதுகளின் நடுவில் அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் பார்ட்ஸ் டெஸ்க்கில் இருந்தேன். பழைய ஐரோப்பியக் கார்களைப் பிரித்து, துருவை எடுத்து, புதிதாக வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பூட்டிக் கொடுப்பது கடையின் தொழில். முதலாளி ஃப்ராங்க் இத்தாலிய வம்சம், உரக்கப் பேசுவார், மனசு வெல்லம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. மெட்ராஸில் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், கடிதம் எழுத வரும், ஒரு விஷயத்தைப் பிடித்தால் விட மாட்டேன். இந்த மூன்றாவது குணத்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. கடையில் அதற்குத்தான் சம்பளம்.

கதவுக் கைப்பிடியோ ஹெட்லைட் வளையமோ, அந்தந்த வருஷத்து மாடலுக்கு எது சேருமோ அதைக் கண்டுபிடித்து வரவழைக்க வேண்டும். இன்டர்நெட் கிடையாது. போன், ஏர்மெயில், கார் பத்திரிகைகளில் வரி விளம்பரம், பழைய பார்ட்ஸை விற்று வாங்கும் ஞாயிற்றுக்கிழமை ஸ்வாப் மீட், அவ்வளவுதான்.

2. டாக்டர் கேட்டது

டாக்டர் சுந்தரம் மதுரைக்காரர். ஐம்பதுகளில் ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் மேல்படிப்பு படித்தபோது அங்கே நர்ஸாக இருந்த இல்சாவைக் கல்யாணம் செய்துகொண்டார். சில வருஷம் மதுரையில் இருந்துவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். எங்கள் தமிழ் வட்டாரத்தில் அந்த அம்மாவுக்குப் பெயர் இல்சா ஆன்ட்டி. மாமியாரிடம் கற்றுக்கொண்ட மதுரைத் தமிழை, ஐந்து வார்த்தைக்கு மூன்று இங்கிலீஷ் கலக்கும் எங்களை வெட்கப்பட வைக்கிற மாதிரி பேசுவார்.

அந்தக் கோடையில் டாக்டர் தனியாகக் கடைக்கு வந்தார். ஐம்பத்தேழாம் வருஷத்து ஜெர்மன் பீட்டில் கார் ஒன்றை பென்சில்வேனியாவில் வாங்கி, ட்ரக்கில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆன்ட்டிக்குத் தெரியக் கூடாது என்றார். பையிலிருந்து ஒரு ஃபோட்டோவை எடுத்துக் காட்டினார். அதே மாதிரி ஒரு பீட்டில், பம்பரில் சாய்ந்தபடி இளம் வயது இல்சா ஆன்ட்டி. பிளேட்டில் பாதியை அவருடைய பாவாடை மறைத்திருந்தது. ஹைடல்பெர்க்கைக் குறிக்கும் எச்.டி. என்ற இரண்டு எழுத்தும், பக்கத்தில் பதிவு ஆபீஸ் மையில் குத்திய வட்ட சீலும் மட்டும் தெரிந்தன.

"இது அவ காரும்மா. சம்பளத்துல சேத்து வச்சு வாங்குனது. மதுரைக்குக் கெளம்பறப்ப நான்தான் விக்கச் சொன்னேன்" என்றார்.

அந்த ஊர் வழக்கத்தையும் அவரே விளக்கினார். காரின் பதிவை ரத்து செய்ய வேண்டுமானால் பிளேட்டைக் கழற்றி ஆபீஸுக்கு எடுத்துப் போக வேண்டும். கிளார்க் அந்த சீலைச் சுரண்டி எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அது வெறும் தகரம். கிளார்க் சுரண்டச் சுரண்ட, கவுண்டர் முன்னால் நின்று ஆன்ட்டி அழுதிருக்கிறார்.

"அழாத, இதே மாதிரி வண்டி ஒனக்குத் திருப்பி வாங்கித் தரேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ ஒரு நாள்கூடக் கேக்கல வசந்தா. கேட்டிருந்தா எவ்வளவோ பரவாயில்ல."

அக்டோபரில் அவர்கள் கல்யாண நாள். அதற்குள் கார் தயாராக வேண்டும், பின்னால் ஹைடல்பெர்க் பிளேட் இருக்க வேண்டும், அதில் சீல் முழுசாக இருக்க வேண்டும். ரோட்டில் ஓட்ட நியூ ஜெர்சி பிளேட்தான் சட்டம் என்று ஃப்ராங்க் ஞாபகப்படுத்தினார். அவள் முதல் தடவை பார்க்கும்போது இருந்தால் போதும் என்றார் டாக்டர்.

3. ஒரு சோம்பேறிக்கு நன்றி

நம்பர் பிளேட்தானே, இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதலில் வந்த பிளேட்டைப் பார்த்து ஃப்ராங்க் உதட்டைப் பிதுக்கினார். எழுத்து எச்.டி.தான். ஆனால் அதில் வண்டியைப் பரிசோதனை செய்ததற்கான உருண்டை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கர் வழக்கம் அறுபதுகளில்தான் வந்தது. ஐம்பத்தேழில் எடுத்த கல்யாண ஃபோட்டோவில் கலர் டிவி இருந்தால் எப்படியோ அப்படி.

அடுத்து வந்த மூன்றும் காலத்துக்குச் சரியானவை, ஆனால் சீல் சுரண்டியவை. யோசித்தால் அதுதானே நியாயம்? பதிவை ரத்து செய்த பிளேட்தான் வெளியே விற்பனைக்கு வரும், ரத்து செய்தால் சீல் இருக்காது. இதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். சுரண்டியதை ஒரு தடவை பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டார்.

ஜெர்மன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன்காரர் இல்சா ஆன்ட்டிதான், அவரிடம் மூச்சு விடக் கூடாது. லைப்ரரி அகராதியை வைத்துக்கொண்டு நானே எழுதினேன். அதைப் படித்தவர்கள் என்ன பாடுபட்டார்களோ. ஆனாலும் செப்டம்பரில் ஒரு பதில் வந்தது. ஹைடல்பெர்க் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர், கெட்டுப்போன காரை அந்தக் காலத்திலேயே கொட்டகையில் போட்டுவிட்டு, ரத்து செய்ய ஆபீஸ் பக்கமே போகவில்லையாம். பின் பக்கத்துப் பிளேட் மட்டும் பிழைத்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தச் சோம்பேறிக்குக் கோடிப் புண்ணியம். பார்சலைப் பிரித்தபோது சீல் மங்கலாக, வட்டம் குறையாமல் அப்படியே இருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். கையில் வாங்கக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

4. நான் செய்த காரியம்

அந்தக் கடையில் வருஷா வருஷம் ஆயுத பூஜை நடக்கும். முதல் வருஷம் நான் ஆரம்பித்தது, அடுத்த வருஷத்திலிருந்து ஃப்ராங்க்கே தேதி கேட்பார். டூல்ஸ் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, என் டைப்ரைட்டரையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை கொடுப்பேன். மெக்கானிக்குகளுக்குப் பொரி என்றால் உயிர்.

அந்த வருஷம் பிளேட்டையும் பூஜையில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அதை மட்டும் விட மனசு வரவில்லை. எங்கே வைப்பது என்று பார்த்தால், வட்டமாக ஒரு இடம், பொட்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி. நல்ல விஷயம்தானே, சீலுக்கே வைப்போம் என்று அதன் மேலேயே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். இதை உலகத்தில் வேறு எந்தப் பார்ட்ஸ் கிளார்க்கும் செய்திருக்க மாட்டாள்.

மறுநாள் சந்தனம் உதிர்ந்தது, குங்குமச் சாயம் உதிரவில்லை. தண்ணீரில் துடைத்தேன், போகவில்லை. பெஞ்சில் தின்னர் இருந்தது. குங்குமம் போனது, கூடவே சீலும் போனது. வெள்ளைத் தகரம் பல்லை இளித்தது.

ஃப்ராங்க் வந்ததும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. நான்தான் வாயை விட்டேன்: ஃபோட்டோவைப் பார்த்து ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்கள் இருப்பார்களே, ஒன்று செய்து குத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? ஃப்ராங்க் பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். செய்யலாம், ஆனால் டாக்டர் முகத்தைப் பார்த்து இது ஒரிஜினல் என்று நீதான் சொல்ல வேண்டும் என்றார்.

என்னால் முடியாது. போனை எடுத்து உள்ளதை உள்ளபடி டாக்டரிடம் சொன்னேன். "சரிம்மா. இருக்கிறத மாட்டுங்க" என்றார். அவர் திட்டாததில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

5. சனிக்கிழமை

கல்யாண நாளான அந்தச் சனிக்கிழமை காலை டாக்டர் ஏதோ சாக்குச் சொல்லி ஆன்ட்டியைக் கடைக்கு அழைத்து வந்தார். பச்சை பீட்டில் நடுவில் நின்றது. ஆன்ட்டி கதவைத் தொட்டார், கண்ணாடியைத் தொட்டார், பின்னால் போய்க் குனிந்தார். எச்.டி. எழுத்தின் மேல் விரல் ஓடி, அந்த வெற்று வட்டத்தில் நின்றது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீல் இருந்தது ஆன்ட்டி, நான்தான் அழித்துவிட்டேன் என்று பூஜை, பொட்டு, தின்னர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"பொட்டு வச்சியா? சீல் மேலயா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

"நான் கடைசியாப் பாத்தப்பவும் இப்படி மொட்டையாத்தான் இருந்துச்சு தாயி. குங்குமம் இருக்கா?"

என் டெஸ்க்கிலிருந்து சிமிழை எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலில் குங்குமத்தைத் தொட்டு, அந்த வட்டத்தில் அழுத்தி ஒரு திருகு திருகினார், கவுண்டர் கிளார்க் ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி. பிறகு நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார்.

"சீல் வச்சாச்சு. இனி விக்கச் சொல்லுவீங்களா?"

டாக்டர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். ஃப்ராங்க்குக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்: எதையும் துடைக்கும் முன் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் துடைத்துவிட்டால் போனை எடுத்துச் சொல்லிவிடுங்கள். பொய் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் அந்தக் கட்டைவிரலுக்கு இடம் இருந்திருக்காது.

பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த பீட்டில் சர்வீஸுக்கு வரும். நியூ ஜெர்சி பிளேட்டில்தான் ஓடி வரும். பழைய பிளேட்டைத் துணியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்திருப்பார்கள், அதில் புதுக் குங்குமம் இருக்கும். ஸ்க்ரூ ஒன்று தப்பான வருஷத்தது என்றால்கூடக் கழற்றி எறிகிற ஃப்ராங்க், அந்தக் காரின் ஜாப் கார்டில் தன் கையால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: பழைய பிளேட்டில் சிவப்புப் புள்ளி. துடைக்காதே. ஒரிஜினல்.